வித்யாவின் மெசேஜும் பதினேழு வார்த்தைகளும்

மனைவி சொல்லும் எந்த வேலையும் இனிமேல் தன்னை எட்டக் கூடாது என்று சிவசங்கர் முடிவெடுத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கால் மேல் கால் போட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். ஏசி இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய முடிவுகளுக்கு அந்தக் குளிர் தோதாக இருந்தது.

சிவசங்கருக்கு நாற்பத்தியோரு வயது. பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரன். ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் பெண் எடுத்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டவன். சென்னையில் இருக்கும் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். வீட்டில் ஏசி வைத்த ஒரே அறை அவனுடைய ஆபீஸ்.

அவன் மனைவி வித்யா ஏரி நண்டு வியாபாரம் செய்தாள். காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் எடுப்பாள். நண்டுக்குக் கால் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, மத்தியானம் வரும் வேனில் சென்னைக்கு ஏற்றுவாள். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு நண்டு என்று பெயர். வெயில் காலத்தில் வேன் வருவதற்குள் தினம் ஐந்தாறு கண்ணை மூடிவிடும். அப்போது வித்யாவின் முகம் பார்க்கச் சகிக்காது.

"இன்னாங்க, அந்த ஏசி ரூம்பை மத்தியானம் வரைக்கும் நண்டுக்கு வுட்டா இன்னா?"

"அது ஆபீஸ் வித்யா."

"ஒரு ஆளு, ஒரு கம்ப்யூட்டரு. அதுக்கு அம்மாம் பெரிய ரூம்பா?"

"பாக்கலாம்."

இந்தப் பார்க்கலாம் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. கடைசியில் வித்யா நேரில் கேட்பதை விட்டுவிட்டாள். நேரில் கேட்க வேண்டிய மற்ற வேலைகளையும் சேர்த்து வாட்ஸப்பில் அனுப்ப ஆரம்பித்தாள். கேஸ் தீர்ந்துபோச்சு. தராசு முள் நிக்கல. ஐஸ் வரல. ஏணி எடுத்தாங்க. ஒரு நாளைக்கு முப்பது மெசேஜ். அடுத்த அறையிலிருந்து!

அந்தச் செவ்வாய்க்கிழமை சிவசங்கர் தன் ஆபீஸ் வேலையாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர்கள் புகார் எழுதுவார்கள். அதை எல்லாம் மனுஷன் படிக்க முடியாது. அதனால் ஒரு பட்டியல். வக்கீல், போலீஸ், கோர்ட், நஷ்டஈடு என்று சில வார்த்தைகள். வந்த புகாருக்குள் அந்தப் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு வார்த்தை கிடக்கிறதா என்று புரோகிராம் பார்க்கும். கிடந்தால் அவனுடைய மேனேஜர் நிவேதாவுக்கு அனுப்பும். இல்லாவிட்டால், "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானே பதில் போட்டுவிடும். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அது ஒரே வரி.

ஒரே வரி! சிவசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மத்தியானத்துக்குள் வித்யாவுக்கு ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. கடை, கேஸ், பை, ஐஸ், வலை, தண்ணி, மாவு, வேன், ஏணி, வாங்க, தராசு என்று போய்ப் பதினேழு வார்த்தைகள். பத்து வருஷக் குடும்ப வாழ்க்கையின் சாரம். இதில் ஒன்று வந்தாலும், "மீட்டிங்கில் இருக்கேன் வித்யா, அப்புறம் பேசறேன்" என்று பதில் போகும். ஒன்றும் இல்லாவிட்டால் அது வேலை இல்லை, சும்மா பேச்சு. அதற்கு, "சரி வித்யா, உன் இஷ்டம்போல செய்." அறையின் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் தன் வாட்ஸப்போடு இணைத்து அதில் ஓட விட்டான்; வித்யாவின் மெசேஜுக்குப் போன் சத்தம் போடாதபடி அணைத்தும் வைத்தான்.

முழு வார்த்தையாகத் தேடுவதா, உள்ளே எங்கே இருந்தாலும் பிடிப்பதா என்று ஐந்து நிமிஷம் யோசித்தான். தமிழில் வார்த்தைக்கு வால் நீளம். கடை என்று யாரும் நிறுத்துவதில்லை. கடைக்கு, கடையில, கடையாண்ட என்று இழுத்துக்கொண்டே போவார்கள். அதனால் உள்ளே எங்கே இருந்தாலும் பிடிக்கும்படி எழுதினான். அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தான்.

முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் மூன்று மணி வரைக்கும் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வயிறு கத்திய பிறகு அவனே அடுக்களைக்குப் போனான்.

"இன்னா வித்யா, சோறு?"

"ரெண்டு தபா கூப்டேனே. மீட்டிங்னு போட்டீங்க. எறா தொக்கு வெச்சிருந்தேன். பூனை மீட்டிங்ல இல்ல, அது வந்து துன்னுட்டுச்சு."

திரும்பி வந்து பார்த்தான். "சாப்பிட வாங்க." கடையில் வாங்குவதற்கும் சாப்பிட வாங்க என்பதற்கும் புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு "வாங்கிட்டு" என்று மாற்றினான்.

அதோடு முடியவில்லை. "நாளைக்கு கரையிலேர்ந்து லேட்டா வருவேன்" என்று வித்யா எழுதினால் அதன் வாலில் வேன் இருந்தது. மீட்டிங். "இதான் கடைசி தபா சொல்றேன்" என்றால் அதில் கடை. மீட்டிங். "வைஃபை வேலை செய்யல" என்பதில் பை. மீட்டிங். "உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டதற்கும் மீட்டிங்.

சிவசங்கர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ஜோயலிடம் மதில் மேல் சாய்ந்துகொண்டு பெருமையாகச் சொன்னான். ஜோயல் காட்டுப்பள்ளி ரோட்டில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன்.

"லிஸ்ட்ல இருந்தா தடுக்கும். இல்லன்னா சரின்னு சொல்லும். அவ்ளோதான்."

"எங்க கேட்லயும் அப்டிதான் வெச்சிருந்தாங்க."

"பாத்தியா!"

"லிஸ்ட்ல பேர் கீறவனைத் தடுத்துக்கினே இருந்தோம். லிஸ்ட்ல பேர் இல்லாதவன்தான் மிசினையே தூக்கிக்கினு போனான்."

"அது ஆளுங்கடா. இது வார்த்தை."

"யாரு வார்த்தை? வித்யாக்கா வார்த்தைதானே?" என்று கேட்டுவிட்டு ஜோயல் டூட்டிக்குப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. சாயந்திரம் வீட்டில் யாரும் இல்லை. சிவசங்கர் போனை எடுத்துப் பார்த்தான். மத்தியானம் வித்யா அனுப்பியிருந்தாள்: "அம்மாவுக்கு மயக்கம் வந்துடுச்சு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். கவலையா கீது."

அதற்குக் கீழே அவன் பெயரில், "மீட்டிங்கில் இருக்கேன் வித்யா, அப்புறம் பேசறேன்."

அம்மாவுக்கு என்பதில் மாவு இருந்தது. கவலையில் வலை இருந்தது. மாவு மில்லுக்குப் போகச் சொல்வாள் என்றும், மாமனாரின் வலையைத் தூக்கச் சொல்வாள் என்றும் பயந்து அவன் போட்ட வார்த்தைகள். நிஜமாகவே அவனுக்குக் கூசியது. பைக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினான். மாமியார் கஸ்தூரியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் நின்றதால் வந்த மயக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மீட்டிங் முடிஞ்சுதா?" என்று மட்டும் வித்யா கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் சிவசங்கர் கொஞ்சம் சுதாரித்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து மாவையும் வலையையும் எடுத்துவிட்டான். மனசு லேசானது. நல்ல மனுஷன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டு தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்தூரியம்மாள் ஒரு சூட்கேஸ், ஒரு கிரைண்டர், இரண்டு கோழிகளுடன் வாசலில் வந்து இறங்கினாள்.

"இன்னா வித்யா இது?"

"நீங்கதானே சரின்னீங்க?" என்று போனை நீட்டினாள். "அம்மாவுக்கு ஒடம்பு தேர்ற வரைக்கும் நம்ம வூட்லயே இருக்கட்டும்." கீழே, "சரி வித்யா, உன் இஷ்டம்போல செய்."

சிவசங்கர் வாயைத் திறந்தான். நான் அனுப்பவில்லை என்றால், பின்னே யார் அனுப்பியது என்று கேட்பாள். யார் அனுப்பியது என்று சொன்னால், ஆஸ்பத்திரிக்குப் போனபோது வந்த மீட்டிங்கும் அதுதானா என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டான்.

"உள்ளாற வாங்க அத்தை" என்று சூட்கேஸைத் தூக்கினான்.

"மாப்ள தங்கம்" என்று கஸ்தூரியம்மாள் கோழிகளையும் அவன் கையில் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை மாமனார் கங்காதரன் வந்து கதவைத் தட்டினார். தலையில் துண்டு, கையில் டிபன் தூக்கு.

"கெளம்புங்க மாப்ள. காத்து நல்லாக் கீது."

"எங்க மாமா?"

"எங்கன்றீங்க? வலை இழுக்கத்தான். நம்ம ஆளு லீவு. நீங்க வரேன்னு சொன்னதா பாப்பா மெசேஜ் காட்டிச்சே."

சிவசங்கருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான். கரை போகப் போகச் சின்னதாகியது. நடு ஏரியில் கங்காதரன் வலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார். அவன் இழுத்தான். வலையும் அவனை இழுத்தது. வலைக்குத்தான் அனுபவம் அதிகம்.

"மாப்ள, வலைய இழுக்கச் சொன்னேன். நீங்க வலைல வுழுந்துட்டீங்க" என்று கங்காதரன் அவனை மீனோடு மீனாகத் தூக்கிப் போட்டார். ஒரு நண்டு அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் விடவில்லை.

புத்தியுள்ளவன் அன்றைக்கே புரோகிராமை நிறுத்தியிருப்பான். சிவசங்கர் பட்டியலை நீட்டினான். அம்மா, நைனா, அத்தை, படகு, ஏரி, கோழி, கிரைண்டர் என்று கண்ணில் பட்டதெல்லாம். பிறகு, மூன்று வருஷத்துப் பழைய பயத்தை நினைத்து, ரூம், ஏசி என்ற இரண்டையும் சேர்த்தான். பட்டியல் நாற்பத்து மூன்று ஆயிற்று. இனி எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் வர முடியாது என்று கையைத் தட்டிக்கொண்டான்.

பத்து நாள் அமைதி. வித்யா வேலை சொல்லி மெசேஜ் அனுப்புவதே குறைந்துவிட்டது. அனுப்பினாலும் ஒரு மாதிரியான நல்ல தமிழில் அனுப்பினாள். நண்டு விற்கிறவள் திடீரென்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எழுதுகிறாளே என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அவன் படிக்கவே இல்லை.

மாதக் கடைசியில் சென்னை ஆபீஸில் நிஜமான மீட்டிங். காலையில் பஸ் ஏறிப் போய், நிவேதா மேடம் முன்னால் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு, சாயந்திரம் ஐந்தரைக்கு வீடு திரும்பினான். ஆபீஸ் அறைக் கதவைத் தள்ளினான்.

உள்ளே ஏசி இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் ஓரமாகத் தெர்மாகோல் பெட்டிகள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. தரையில் மூன்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியம்மாள் மேற்பார்வை. நண்டுகள் சிவசங்கரைப் பார்த்தன. அவை எல்லாம் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருந்தன.

"வித்யா! என் மேஜை எங்க?"

"பின்னாடி தாழ்வாரத்துல, தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல. நல்லாக் காத்து வரும்."

"யாரைக் கேட்டு செஞ்ச?"

வித்யா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். "முன்பக்கத்து அறையை நண்டுக்கு எடுத்துக்கறேன். உங்க மேசை நாற்காலி பின்பக்கம் போவும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரி வித்யா, உன் இஷ்டம்போல செய்."

"அறையா? நீ பொறந்ததுலேர்ந்து அறைன்னு சொன்னதே இல்லியே. ரூம்புதானே சொல்வ!"

"எங்க ஊர்ல அறைன்னா கன்னத்துல வுடறது. அதையும் யோசிச்சேன். அப்பால இதுவே போதும்னு வுட்டுட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். சிவசங்கருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அது நான் அனுப்பல வித்யா! ஒண்ணு கூட நான் அனுப்பல! புரோகிராம். நீ எழுதறதுல சில வார்த்தை கீதான்னு பாக்கும். இருந்தா மீட்டிங்னு சொல்லும். இல்லன்னா சரின்னு சொல்லும். நான் எதையுமே படிக்கல. அதனால இது எதுவும் செல்லாது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நண்டு கட்டிய கைகள் நின்றன. நண்டுகள் பெட்டியைப் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும்" என்றாள் வித்யா.

"இன்னா தெரியும்?"

"மூணாவது நாளே தெரியும். நீங்க குளிச்சிக்கினு இருந்தீங்க. உங்க போன் என் கையில கீது. கேஸ் வரலன்னு என் போன்லேர்ந்து அனுப்பறேன், உங்க போன் தானா மீட்டிங்னு பதில் சொல்லுது. பாத்ரூம்ல ஏது மீட்டிங்?"

அவள் சுவரிலிருந்து தினசரிக் காலண்டரின் அட்டையைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் வார்த்தைகள். ஒவ்வொரு வார்த்தையாக அனுப்பிப் பார்த்து, மீட்டிங் வந்தால் ஒரு பெருக்கல் குறி, சரி வந்தால் ஒரு டிக். நாற்பத்து மூன்றும் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. சிவசங்கர் எண்ணிப் பார்த்தான்.

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அனுப்பினது?"

"அது மட்டும் தெரியாமதான் அனுப்பினேன்" என்றாள். "பதறிப்போய்க் கீறப்ப எந்த வார்த்தைக்கு இன்னா வரும்னு யாரு ரோசிப்பாங்க? அதனாலதான் உங்கள படகுல ஏத்தினேன்."

சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த இடத்தில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மேஜை, நாற்காலி, விசிறி எல்லாம் போன பிறகும் அது மட்டும் மூலையில் பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது.

"இத ஏன் எடுக்கல?"

"பாவம், எது கேட்டாலும் சரின்னு சொல்லுது. அத எதுக்கு வெயில்ல போடணும்?"

அன்று இரவு சிவசங்கர் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னிடம் இன்னும் ஒரு ஆயுதம் இருப்பது காலையில்தான் ஞாபகம் வந்தது. ஆபீஸ்! சத்தமில்லாத தனி அறை இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் வித்யாவாலும் பேச முடியாது.

பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் லேப்டாப்பைத் திறந்தான். வித்யாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். தண்ணி டிரம்மும் ஒரு கோழியும் படத்தில் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தான். நிவேதா திரையில் வந்தாள்.

"மேடம், ஒரு சீரியஸ் விஷயம். பாருங்க, என் ஆபீஸ் ரூமை எடுத்துக்கிட்டாங்க. இந்த மாதிரி இடத்துல உட்கார்ந்து நான் எப்படி மேடம் வேலை பார்க்கிறது? கம்பெனி ரூல் என்னன்னு நீங்களே இவங்ககிட்ட சொல்லிடுங்க."

நிவேதா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. சிவசங்கர் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தான்.

"வித்யாக்கா! எப்படி இருக்கீங்க? அம்மா உடம்பு தேவலையா?"

"நல்லாக் கீறாங்க மேடம்" என்றாள் வித்யா.

சிவசங்கர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்களுக்கு... இவங்களை..."

"என்ன சிவசங்கர் இப்படிக் கேட்கறீங்க? உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் என் நம்பரை எடுத்தேன்னு சொன்னாங்க. நீங்க சரின்னு அனுப்பினதைக்கூட எனக்குக் காட்டினாங்களே. ரெண்டு வாரமா எங்க அபார்ட்மெண்டுக்கே அக்கா நண்டுதான். ரூம் விஷயமும் என்னைக் கேட்டுட்டுத்தான் செஞ்சாங்க. பின்னாடி நெட் நல்லா வருதான்னு மட்டும் கேட்டேன். வருதுன்னாங்க, தாராளமா எடுத்துக்கங்கன்னு நான்தான் சொன்னேன்."

கோழி நடந்து வந்து கீபோர்டைக் கொத்தியது.

"அப்புறம் சிவசங்கர், நாளைக்கு என் மாமியார் வர்றாங்க, மூணு கிலோ வேணும். உயிரோட இருக்கான்னு நீங்களே கையால தொட்டுப் பார்த்துக் கட்டி அனுப்பிடுங்க."